எண்ணோடு முறையும்: ஆய்வகத்தில் ஈரப்பதம் அளத்தல்

ஜிப்சம் கலந்த மண் மாதிரி ஒன்றை நன்றாகக் கலந்து இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு பாதியை 60 டிகிரி செல்சியஸிலும் மறு பாதியை 110 டிகிரியிலும் ஓவனில் வைத்து, எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துவோம். துகள்களின் இடுக்கில் தங்கிய தண்ணீர் இரண்டிலுமே போய்விடும். 110 டிகிரியில் வேலை அதோடு நிற்பதில்லை. ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டோடு நீரும் சேர்ந்து உருவான படிகம். அதன் எடையில் 20.9 சதவீதம் இந்தப் படிக நீர்தான். சூட்டில் அதில் முக்கால் பங்கு வெளியேறி ஜிப்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாக மாறும்போது அதன் எடை 15.7 சதவீதம் குறைகிறது. 100 கிராம் உலர் மண்ணில் 20 கிராம் ஜிப்சம் இருக்கிறது, மண்ணோடு 10 கிராம் தண்ணீர் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் ஓவன் 10 சதவீதம் என்று காட்டும். இரண்டாவது ஓவன், அந்த மாற்றம் முழுமையாக நடந்திருந்தால், 13.6 சதவீதம் என்று காட்டும். தராசில் கோளாறு இல்லை, ஓவனில் கோளாறு இல்லை, வேலை செய்தவரும் பிழை செய்யவில்லை. ஆனாலும் ஒரே மண்ணுக்கு இரண்டு எண்கள்.

இதிலிருந்துதான் இந்த அத்தியாயத்தின் வாதம் தொடங்குகிறது. ஈரப்பதம் என்று நாம் எழுதும் எண் பொருளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அளந்த முறைக்கும் அதில் சரிபாதிப் பங்கு உண்டு. எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம், எந்த எடையை அடிப்படையாகக் கொண்ட சதவீதம் என்பவை தெரியாத ஈரப்பத எண்ணை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. மேலே சொன்ன மண்ணில் சாலைக்கரை போடப் போகும் பொறியாளருக்குத் துகள்களை வழுக்க வைக்கும் தண்ணீரின் அளவுதான் தேவை. ஜிப்சம் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மண் பரிசோதனையில் 60 முதல் 80 டிகிரிக்குள் நின்றுகொள்ளும் வழக்கம் அதனால்தான் ஏற்பட்டது. அந்த ஜிப்சத்தைச் சூளையில் சுடப்போகிறவருக்கோ படிக நீர்தான் முக்கியம். கேள்வி மாறினால் சரியான முறையும் மாறும்.

ஓவன் தண்ணீரை அளப்பதில்லை. எடை இழப்பை அளக்கிறது. இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் பிழைகள் தானாகவே விலகும். ஒரு பொருளில் தண்ணீர் பல நிலைகளில் இருக்கிறது: துளைகளில் தளர்வாக, பரப்பில் ஒட்டி, படிகத்துக்குள் கட்டுண்டு. இவற்றுக்கிடையே கோடு கிழித்துப் பிரிக்க இயற்கை எந்த வசதியும் செய்து தரவில்லை. 105 அல்லது 110 டிகிரி என்பது நாம் ஒப்புக்கொண்ட கோடு. அந்தக் கோட்டில் தண்ணீரோடு வேறு பொருள்களும் வெளியேறலாம். கிராம்பு மொட்டின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் ஆவியாகும் எண்ணெய். அதை ஓவனில் வைத்தால் மணக்க மணக்க வெளியேறும் எண்ணெயில் ஒரு பங்கும் தண்ணீர்க் கணக்கில் சேரும். தேன், வெல்லம் போன்றவற்றில் உள்ள ஃப்ரக்டோஸ் 70 டிகிரியைத் தாண்டினாலே சிதையத் தொடங்கி, அந்தச் சிதைவே புதிதாக நீரை உண்டாக்கும். அதனால்தான் சர்க்கரைப் பொருள்களுக்கு வெற்றிட ஓவனும், தேனுக்கு ஒளிவிலகல் மானியும். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைச் சூடான காற்றில் நெடுநேரம் வைத்தால் அது ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு எடை கூடும். போன தண்ணீரின் ஒரு பங்கை வந்த ஆக்சிஜன் மறைத்துவிடும். நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துவது இதற்காகத்தான்.

கடற்கரைக் களிமண்ணில் வேறொரு சிக்கல். துளைகளில் இருப்பது கடல்நீர். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. தண்ணீர் ஆவியானதும் உப்பு கிண்ணத்திலேயே தங்கி மண்ணின் எடையோடு சேர்ந்துவிடும். ஈரம் மிகுந்த களியில் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் துளை விகிதக் கணக்கு முழுவதும் சாயும்.

அடுத்து, சதவீதத்தின் அடிப்படை. உணவு, தானியம், நிலக்கரித் துறைகளில் ஈரமான மொத்த எடையில் தண்ணீர் எத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். மண், மரம், ஜல்லி, மணல் ஆகியவற்றில் உலர் எடையை 100 என்று வைத்துச் சொல்வார்கள். 100 கிராம் ஈரப் பொருளில் 20 கிராம் தண்ணீர் இருந்தால் முதல் கணக்கில் 20 சதவீதம், இரண்டாவதில் 25. ஈரம் குறைவாக இருக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஈரம் கூடக் கூட இடைவெளி விரியும். நெய்வேலி நிலக்கரியில் வெட்டி எடுத்த நிலையில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர். அதை உலர் எடைக் கணக்கில் எழுதினால் 100 சதவீதம். 100ஐத் தாண்டிய ஈரப்பதத்தைப் பார்த்து மண் பொறியாளர் பதறமாட்டார். உணவு ஆய்வாளர் தாளைத் திருப்பி அனுப்புவார். பஞ்சு வணிகத்தில் பருத்திக்கு ஒப்புக்கொண்ட 8.5 சதவீதம் என்பது உலர் எடைமீதான ஈர ஏற்பு. அதையே மொத்த எடையின் பங்காக எழுதினால் 7.8 சதவீதம்தான். டன் கணக்கில் நூல் வாங்கும் இடத்தில் இந்த 0.7 சதவீதம் பணம். களத்தில் மண்ணுக்குப் பயன்படும் கால்சியம் கார்பைடு கருவி ஈர எடைக் கணக்கில் எண் தருகிறது. அதை 100லிருந்து கழித்து வரும் மீதியால் அந்த எண்ணை வகுத்து 100ஆல் பெருக்கினால்தான் மண் துறையின் எண் கிடைக்கும். கருவி 20 காட்டினால் பதிவேட்டில் எழுத வேண்டியது 25. இந்த ஒரு வரிக் கணக்கைச் செய்யாமல் விட்டால், தண்ணீர் உண்மையில் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மண்ணை அடர்த்தியாக இறுக்கத் தேவையான ஈரத்தை எட்டவில்லை என்று நினைத்து மேலும் தண்ணீர் தெளிப்பார்கள்.

கான்கிரீட் கலவையில் இதன் விளைவு இன்னும் நேரடியானது. ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட், 175 லிட்டர் தண்ணீர், 700 கிலோ உலர் மணல் என்ற கலவையில் நீர்-சிமெண்ட் விகிதம் 0.50. மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் 35 கிலோ தண்ணீர் கணக்கில் வராமல் உள்ளே போகிறது. மணல் தானே உறிஞ்சி வைத்துக்கொள்வது 1 சதவீதம் என்று கழித்தாலும் 28 கிலோ மிச்சம், விகிதம் 0.58 ஆகிவிடும். கலவை இளகலாக, வேலைக்கு இலகுவாக இருக்கும்; வலிமை குறைந்துபோனது 28 நாள் கழித்துக் கனசதுரத்தை நசுக்கும்போதுதான் தெரியவரும். காலையில் மணல் குவியலின் மேல்தோலில் ஒரு கை, நடுவில் ஒரு கை, அடியில் ஒரு கை எடுத்துச் செய்யும் ஈரப்பதச் சோதனை கட்டடத்தின் ஆயுளோடு சம்பந்தப்பட்டது.

ஓவன் முறையைக் கையாளும்போது கவனம் எங்கே போக வேண்டும்? பெரும்பாலோர் தராசின் தசம இடங்களில் கவனம் வைக்கிறார்கள். 5 கிராம் மாவில் 10 மில்லிகிராம் பிழை 0.2 சதவீதத்துக்குச் சமம் என்பதால் அந்தக் கவனமும் தேவைதான். ஆனால் தராசுக்கு வருமுன்பே அதைவிடப் பெரிய பிழைகள் நேர்ந்துவிடுகின்றன. பிளாஸ்டிக் பையில் கட்டிய ஈர மாதிரியின் உள்சுவரில் நீர்த்துளிகள் படிந்திருக்கும். பையைத் திறந்து மண்ணை மட்டும் எடுத்தால் அந்தத் துளிகள் பையிலேயே தங்கிவிடும். ஈர தானியத்தை மில்லில் அரைத்தால் அரைக்கும் சூட்டிலேயே ஈரம் போய்விடும். அதனால் ஈரம் மிகுந்த தானியத்தை முழுதாகவே சற்று உலர்த்தி, அந்த இழப்பைக் குறித்துக்கொண்டு, பிறகு அரைத்து இரண்டாம் முறை உலர்த்த வேண்டும். முதல் கட்டத்தில் 100 கிராமுக்கு 10 கிராம் போனது, இரண்டாம் கட்டத்தில் மீதியின் 12 சதவீதம் போனது என்றால் மொத்தம் 22 அல்ல. மீதி 90 கிராமில் 12 சதவீதம் 10.8 என்பதால் 20.8தான். ஓவனிலிருந்து எடுத்த கிண்ணத்தைச் சுடச்சுடத் தராசில் வைக்கக் கூடாது. சூட்டினால் மேலெழும் காற்று தட்டைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். ஈரப்பதம் கூடுதலாகத் தெரியும். மூடியில்லாமல் மேசையில் ஆறவிட்டால் உலர்ந்த மாவு அறையின் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். இப்போது ஈரப்பதம் குறைவாகத் தெரியும். மூடியை ஓவனுக்குள்ளேயே போட்டு, டெசிக்கேட்டரில் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் உடனே நிறுப்பதுதான் வழி. டெசிக்கேட்டரில் இருக்கும் சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறியிருந்தால் அதற்குள் ஆறவிடுவதும் மேசையில் ஆறவிடுவதும் ஒன்றுதான். இன்னொன்று: பாதி உலர்ந்த கிண்ணங்கள் இருக்கும் ஓவனில் புதிதாக ஈர மாதிரியைத் திணிக்காதீர்கள். அதன் ஆவி மற்றவற்றில் ஏறி, எடை மாறாத நிலை என்று நாம் நம்பிய நிலையைக் கலைத்துவிடும்.

மசாலாப் பொருள்களின் எண்ணெய்ச் சிக்கலுக்குப் பழைய, நம்பகமான விடை ஒன்று உண்டு. பெட்ரோலியத்தில் உள்ள தண்ணீரை அளக்க டீன், ஸ்டார்க் என்ற இருவர் 1920இல் வகுத்த வடித்தல் கருவிதான் அது. மாதிரியை டொலுவினில் கொதிக்க வைத்தால் தண்ணீரும் டொலுவினும் சேர்ந்து ஏறத்தாழ 85 டிகிரியில் ஆவியாகிக் குளிர்ந்து, அளவிட்ட கண்ணாடிக் குழாயில் விழும். தண்ணீர் கனமாதலால் அடியில் தனியே நிற்கும். எண்ணெய் டொலுவினில் கரைந்து மேலே போய்விடும். ஏலக்காய், மிளகு, கிராம்பு ஆகியவற்றுக்கு இது ஓவனைவிட உண்மைக்கு நெருக்கமானது. குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்ட துளிகளைக் கீழே இறக்காமல் அளவைப் படித்தால் தண்ணீர் குறைவாகத் தெரியும்; அழுக்கில்லாத கண்ணாடிதான் இந்த முறையின் உயிர்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். தண்ணீரோடு மட்டும் வினைபுரியும் வேதிமுறை இருக்கும்போது, முறைக்கு முறை எண் மாறும் என்று ஏன் பேச வேண்டும்? கார்ல் ஃபிஷர் முறையில் கிடைப்பதை உண்மை மதிப்பு என்றும் மற்றவற்றைத் தோராயம் என்றும் வைத்துக்கொள்ளலாமே? ஆட்சேபத்தில் வலு இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிஷர் 1935இல் வெளியிட்ட இந்த முறையில் அயோடின், சல்ஃபர் டை ஆக்சைடு, பிரிடின், மெத்தனால் ஆகியவை தண்ணீர் இருந்தால் மட்டுமே முழுமையாக வினைபுரிகின்றன. எண்ணெயோ நறுமணமோ இதை ஏமாற்றுவதில்லை. மின்சாரத்தால் அயோடினை உண்டாக்கும் வகையில் ஒரு மில்லிகிராம் தண்ணீருக்கு 10.71 கூலும் மின்னூட்டம் என்று நேரடியாகவே எண்ணிவிடலாம். மாத்திரைக்கான மருந்துப்பொடி, மின்மாற்றி எண்ணெய் போன்ற குறைந்த ஈரப் பொருள்களுக்கு இதற்கு நிகரான முறை இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் இந்த முறையும் தன் நிபந்தனைகளோடுதான் வருகிறது. ஒரு அயோடின் மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் என்று ஃபிஷர் கருதினார்; மெத்தனாலில் ஒன்றுக்கு ஒன்றுதான் என்பது 1939இல் தெளிவாயிற்று. அளவு தெரிந்த தண்ணீரைக் கொண்டு கரைசலைத் தரப்படுத்திவிட்டால் இந்தத் திருத்தம் முடிவைப் பாதிக்காது. ஆகவே எண்ணைக் காப்பாற்றுவது கோட்பாடு அல்ல, தரப்படுத்தலே. இன்றும் 15.66 சதவீத நீர் கொண்ட சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட்டை வைத்துக் கரைசலின் வலிமையைச் சரிபார்க்காத நாளில் கிடைத்த எண்ணை நம்ப முடியாது. ஆல்டிஹைடும் கீட்டோனும் மெத்தனாலோடு வினைபுரிந்து புதுத் தண்ணீரைப் பிறப்பிக்கும். வைட்டமின் சி அயோடினைத் தின்றுவிடும். இரண்டிலும் ஈரப்பதம் கூடுதலாகத் தெரியும். கரையாத பொருளின் உள்ளே இருக்கும் தண்ணீரை வினைப்பொருள் எட்டாது. அதற்காக மாதிரியைச் சிறு ஓவனில் சூடாக்கி, ஆவியை உலர் நைட்ரஜனால் கலத்துக்குத் தள்ளுவார்கள். அப்போது எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம் என்ற அதே கேள்வி மீண்டும் வந்து நிற்கிறது. பால்பொடியைப் பாருங்கள். அதில் படிகமான லாக்டோஸ் இருந்தால், அந்தப் படிகத்தின் எடையில் 5 சதவீதம் கட்டுண்ட நீர். கார்ல் ஃபிஷர் அதையும் சேர்த்தே எண்ணும். பால்பொடிக்கான பன்னாட்டு ஓவன் முறை 87 டிகிரியில் நிற்பதே படிக நீரைத் தொடாமல் விடுவதற்காக. பொடி கட்டி தட்டுமா என்று கேட்பவருக்கு ஓவன் எண் பயன்படும். மொத்தத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பவருக்குக் கார்ல் ஃபிஷர் எண் பயன்படும். மேலும், இந்தக் கருவிக்குள் போவது பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவான மாதிரி. ஒரு லாரிச் சுமையை அந்தத் துளி சரியாகப் பிரதிநிதித்துவம் செய்யாவிட்டால் கருவியின் நுட்பம் வீண்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு ஆட்சேபம் வரலாம். எண் முறையைப் பொறுத்தது என்றால் எதுவுமே நிச்சயமில்லை, ஆளுக்கொரு எண் சொல்லலாம் என்றாகிவிடாதா? ஆகாது. முறை எழுத்தில் கட்டப்பட்டிருப்பதால்தான் எண்ணுக்கு நிச்சயம் வருகிறது. அரைத்த தானியத்தை 130 முதல் 133 டிகிரிக்குள் இரண்டு மணி நேரம் உலர்த்து என்று தானியங்களுக்கான பன்னாட்டு முறை சொல்கிறது. இரண்டு மணி நேரத்தில் கடைசிச் சொட்டும் போய்விடுகிறது என்பதல்ல அதன் பொருள். உலகின் எந்த ஆய்வகத்தில் செய்தாலும் ஒரே எண் வர வேண்டும் என்பதே. அரசு நெல் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அறுவடையில் மழை பிடித்துக்கொண்ட பருவங்களில் தமிழக அரசு இதில் தளர்வு கேட்பது வழக்கம். வரம்பும் முறையும் சேர்ந்தே ஒரு விதி. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் பிடித்துக்கொண்டால், களத்தில் மூட்டையோடு காத்திருக்கும் விவசாயிக்கு அநீதி நேரும்.

அந்தக் களத்தில் ஓவன் இல்லை, கையடக்க மீட்டர்தான். விரைவு வேண்டிய இடத்தில் இரண்டு மணி நேர முறையைப் பேசுவது நடைமுறைக்கு உதவாது என்பது நியாயமான குறை. மீட்டரை ஒதுக்கத் தேவையில்லை. அது என்ன செய்கிறது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும். தண்ணீரின் மின்காப்பு மாறிலி சுமார் 80. உலர்ந்த தானியத்துடையது அதில் மிகச் சிறிய பங்கு. இந்தப் பெரிய வேறுபாட்டை வைத்துத்தான் மீட்டர் ஈரத்தை ஊகிக்கிறது. ஆகவே நெல்லின் சூடு, கிண்ணத்தில் அது எவ்வளவு நெருக்கமாக விழுந்தது, எந்த ரகம் என்பதெல்லாம் எண்ணில் கலந்துவிடும். அதிகாலைப் பனி மேலே படிந்த நெல்லுக்கு மீட்டர் கூடுதலாகக் காட்டக்கூடும். வெயிலில் அவசரமாகக் காயவைத்து உடனே அளந்தால் மேலுமி காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். எண் குறைவாகக் காட்டும், சில மணி நேரத்தில் உள்ளீரம் வெளியே பரவியதும் எண் ஏறும். இப்படி ஏறிய எண்ணைப் பார்த்து விற்பவர் ஏமாற்றினார் என்று முடிவு கட்டுவது தவறு. அந்தந்தப் பருவத்து நெல்லை, 17 சதவீதத்துக்குக் கீழும் மேலும் பல ஈர நிலைகளில் எடுத்து, ஓவனில் அளந்து, மீட்டரின் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்த அட்டவணை தயாரிக்க வேண்டும். ஒரே மாதிரியை மூன்று முறை கொட்டி அளந்து சராசரி எடுப்பது ஒரு நிமிட வேலை. ஹாலஜன் விளக்கு ஈரப்பதமானிக்கும் அகச்சிவப்புக் கருவிக்கும் இதே விதிதான்: ஓவனோடு ஒப்பிடாத கருவி அளவி அல்ல.

ஈரப்பத எண் பதில் சொல்லாத ஒரு கேள்வியும் உண்டு. பொருள் பூஞ்சை பிடிக்குமா என்று கேட்டால் எவ்வளவு தண்ணீர் என்பதைவிட அந்தத் தண்ணீர் எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதே முக்கியம். அதை அளப்பது நீர்ச் செயற்பாடு. அது 0.6க்குக் கீழே போனால் எந்த நுண்ணுயிரும் பெருகாது. 18 சதவீதத் தண்ணீர் உள்ள தேன் கெடாமல் நிற்கிறது. அதே அளவு தண்ணீருள்ள நெல் குவியல் சூடேறிப் பூஞ்சை பிடிக்கிறது. தேனில் தண்ணீர் சர்க்கரையிடம் சிக்கியிருப்பதால் நுண்ணுயிர்களுக்கு அது கிடைப்பதில்லை. சேமிப்புக் காலம் பற்றிக் கேள்வி கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு ஓவன் எண்ணை மட்டும் கொடுத்தனுப்புவது அரைப் பதில்.

அறிக்கையில் எழுத வேண்டிய வரி இப்படி அமையட்டும்: ஈரப்பதம் 13.6 சதவீதம், உலர் எடை அடிப்படை, 110 டிகிரியில் 24 மணி நேரம், மாதிரி 25 கிராம், இரட்டை அளவீடு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இவ்வளவு. ஜிப்சமோ எண்ணெயோ உப்போ இருக்கலாம் என்று தெரிந்தால் அதுவும் அதே வரியில் வர வேண்டும். வெறும் கிண்ணத்தின் எடை, ஈர மாதிரியோடு எடை, உலர்ந்தபின் எடை ஆகிய மூன்றையும் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் வைத்திருங்கள். அடிப்படையை மாற்றிச் சொல்லும்படி நாளை யாராவது கேட்டால் இந்த மூன்று எடைகளிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக் கொடுக்கலாம். ஓவன் எந்தச் சூட்டில் இருந்தது என்பதை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அதனால் வெப்பமானியின் அளவை மாதிரியை வைத்தபோது ஒரு முறையும் எடுத்தபோது ஒரு முறையும் பார்த்து, நேரத்தோடு சேர்த்து அங்கேயே எழுதிவிடுங்கள்.